கீழக்கரை வீட்டில் இரும்புக் கழிவுக்குழாயை மாற்றிய அனுபவம்

எங்கள் வீடு கீழக்கரையில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில். மாடிக் கழிப்பறையிலிருந்து செப்டிக் டேங்குக்கு இறங்கும் 4 அங்குல வார்ப்பிரும்புக் குழாய், வாப்பா வீடு கட்டிய காலத்தில் வைத்தது. நோன்புக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் அதற்கும் ஒரு கை கறுப்புப் பெயின்ட் கிடைத்துவிடும். அதனால் முன்பக்கம் புதிது போலவே இருந்தது. சுவரைப் பார்த்த பின்பக்கத்துக்குத் தூரிகை போனதில்லை. உப்புக் காற்று போயிருக்கிறது.

சுவரில் பழுப்பாக ஒரு கறை தெரிந்தது. கச்சான் காற்று வீசும்போது நாற்றமும் வந்தது. "எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறது" என்றார் உம்மா. பிளம்பர் வந்து குழாயின் பின்பக்கத்தைத் திருப்புளியால் சுரண்டினார். கறுப்பாக, மாவாக உதிர்ந்தது; விரலில் பென்சில் முனையைத் தேய்த்ததுபோல் ஒட்டிக்கொண்டது. வார்ப்பிரும்பில் இரும்பு அரித்துப் போன பிறகும் அதிலுள்ள கிராஃபைட் அதே வடிவத்தில் நிற்குமாம். பார்த்தால் குழாய், தொட்டால் கரி. வெளியே உப்பு, உள்ளே கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு அமிலமாக மாறி அரிப்பது என இரண்டு பக்கமும் தாக்குதல். எம்சீல் பூசிச் சமாளிக்கலாமா என்று கேட்டேன். "எதன்மேல் பூசுவது, காக்கா?" என்று திருப்பிக் கேட்டார் (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்). 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலமே துருவோடு மல்லுக்கட்டி 2022 டிசம்பரில் ஓய்ந்துவிட்டது. எங்கள் வீட்டுக் குழாய் எம்மாத்திரம்!

ராமநாதபுரத்தில் பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் வாங்கப் போனபோது கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது விலை குறைந்த ரகம். இதில் இரண்டு வகை உண்டு; ஐ.எஸ். 13592 என்ற இந்தியத் தர முத்திரை இரண்டிலும் இருக்கும். ஆனால் 'ஏ' வகை மழைநீருக்கும் காற்றுக்குழாய்க்கும், 'பி' வகைதான் மலக்கழிவுக்கு. 110 மி.மீ. குழாயில் 'ஏ' வகையின் சுவர்த்தடிமன் 2.2 மி.மீ.; 'பி' வகையில் 3.2. விலையைக் கேட்பதற்கு முன் குழாயின்மேல் அச்சடித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள்.

பழையதைக் கழற்றுவதற்குச் சாரம் கட்டினோம். ஆறடி நீளத் துண்டு ஒன்றே இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். மேலிருந்து தொடங்கி, ஒவ்வொரு துண்டையும் கயிற்றில் கட்டிக்கொண்ட பிறகே அறுத்தார்கள். கீழே கைவைத்தால் மேலே நிற்பது தலையில் இறங்கும். மூட்டுகளில் சணல் திரி திணித்து ஈயம் ஊற்றியிருந்தார்கள். அந்தக் காலத்து வேலை. இரும்பு செத்தும் மூட்டு சாகவில்லை. ஈயத்தைத் தனியாகப் பிரித்து வையுங்கள், பழைய இரும்புக் கடையில் அதற்கு விலை வேறு.

சச்சரவு வந்தது சுவருக்குள் புதைந்திருந்த துண்டால். கழிப்பறைக் கோப்பையிலிருந்து சுவரைத் துளைத்து வெளியே வரும் இரும்பை அப்படியே விட்டு, அதன் வாயில் பிளாஸ்டிக்கைச் செருகிச் சிமென்ட் பூசிவிடலாம் என்றார் பிளம்பர். டைல்ஸ் உடையாது, கூலியும் குறையும். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வெயிலில் பிளாஸ்டிக் நீளும், சிமென்ட் நீளாது. அந்த இடம் விரிந்தால் கசிவு சுவருக்குள்ளேயே இறங்கும். அவர் முகம் சுளித்தாலும் கொத்தனாரை அழைத்து உடைத்தோம். வெளியே எடுத்த துண்டின் அடிப்பாகத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன்பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

புதுக் குழாய் ஏற்றுவதில் அவர் கை சுத்தம். நுனியை அரத்தால் சாய்வாக ராவினார், ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவினார். எண்ணெய் பட்டால் ரப்பர் கெடும் என்பது அவர் கணக்கு. முழுக்கச் செருகி, பென்சிலால் கோடு போட்டு, 10 மி.மீ. பின்னுக்கு இழுத்தார். நீளுவதற்கான இடம் அது. கிளாம்ப் விஷயத்தில் மட்டும் நான் குறுக்கிட்டேன்: துத்தநாகம் பூசிய இரும்பு எங்கள் ஊரில் சீக்கிரமே துருப்பிடித்துவிடும், எவர்சில்வர் திருகோடு பிளாஸ்டிக் கிளாம்ப் வாங்கிக் கொடுத்தேன். அடியில் ஒரே செங்குத்து வளைவுக்குப் பதில் 45 பாகை வளைவுகள் இரண்டு. மேலே குழாயைக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி உயர்த்தி மூடி மாட்டினோம். காற்றுப் போக வழியில்லாவிட்டால் தண்ணீர் ஊற்றும்போது டிராப்பில், அதாவது நாற்றத்தைத் தடுக்கக் கோப்பைக்கு அடியில் இருக்கும் வளைவில், நிற்கும் நீரையும் இழுத்துக்கொண்டு போய்விடும், பிறகு நாற்றம் அறைக்குள்தான்.

டேங்கின் வாய்ப்பக்க இணைப்பைப் பார்க்க உதவியாளர் பையன் உள்ளே இறங்கத் தயாரானான். கூடவே கூடாது என்று தடுத்து, கழிவு உறிஞ்சும் லாரியை வரவழைத்தோம். பாதுகாப்பில்லாமல் ஆளை டேங்குக்குள் இறக்கிச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்த விஷவாயு யாரையும் விட்டுவைப்பதில்லை. டேங்க் காலியான பிறகு, வெளியிலிருந்தே இணைத்தார்கள்.

வேலை முடியும்வரை உம்மாவும் லாத்தாவும் (அக்காவும்) பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லிக் கழிப்பறைக்கு அங்கே போய்வந்தார்கள். இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

வெயில் நேரே விழும் பக்கம் என்பதால் குழாய்க்கு வெளிச்சுவர் எமல்ஷன் அடித்தாயிற்று, இந்தத் தடவை பின்பக்கமும். குறை ஒன்று உண்டு: சத்தம். இரும்பு வாயைத் திறக்காது. பிளாஸ்டிக்கில் மாடியில் தண்ணீர் ஊற்றினால் கீழே படுத்திருக்கும் உம்மாவுக்குக் கேட்கிறது. செங்கல் கட்டி மறைத்துவிடலாம் என்கிறார் கொத்தனார். அடைப்பு எடுக்கும் கதவுகள் வெளியே திறக்கும்படி விட்டால் கட்டட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.