போத்தலுக்கு வேர்க்கும் ஊரில்

கொழும்பிலுள்ள பல்பகுதிய (பொலிமர்) ஆய்வுகூடமொன்றில் உதவியாளராகச் சேர்ந்த முதல் மாதத்தில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது, சுருக்கமாக எம்பிசி எனப்படும் பொஸ்போலிப்பிட்டு வகை ஒருபகுதியம், அதாவது பல்பகுதியச் சங்கிலியாக இணையும் சிறு மூலக்கூறு. செங்குருதிக் கலங்களின் வெளிப்புறத்தில் நிறைந்திருக்கும் பொஸ்போரைல்கோலின் கூட்டத்தை மெதக்ரிலேற்று மூலக்கூறொன்றில் பொருத்தி அமைத்த வெண்ணிறத் தூள் அது. அதனைப் பியூற்றைல் மெதக்ரிலேற்றுடன் சேர்த்துப் பல்பகுதியமாக்கி, நீரில் ஊறிப் பருக்கும் ஐதரோஜெல் மென்சவ்வைப் பெறும் வழியை இஷிஹாரா, உவெதா, நக்கபயாஷி ஆகியோர் 1990இல் வெளியிட்டிருந்தனர். நாங்கள் செய்யப் புகுந்ததும் அதையே.

மழைக்காலக் காலையொன்றில், உறைகுளிரில் இருந்த போத்தலை எடுத்த கையோடு திறந்துவிட்டேன். தூள் கரண்டியில் ஒட்டிக்கொண்டது. தராசின் கடைசி இலக்கங்கள், நான் எதையும் சேர்க்காமலே, நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தன. "தங்கச்சி, போத்தலுக்கு இன்னும் வேர்க்குது, மூடுங்கோ" என்றார் பக்கத்து மேசையிலிருந்த மூத்த அலுவலர். நான் மூடினேன், ஆனால் நிறுத்தெடுத்த தூளை வீசிவிட மனம் வரவில்லை, அதன் விலை அப்படி.

மூல் கணக்கில், அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கையில், 30 சதவீதம்தான் என்றாலும், எம்பிசியின் மூலக்கூற்றுத் திணிவு ஏறத்தாழ 295, மற்றையதனது 142 என்பதால், நிறையில் அது கலவையின் பாதியை நெருங்குகிறது. அந்தப் பாதியில் கொழும்பின் ஈரக்காற்றையும் எம்பிசியென்றே நான் எண்ணியிருந்தேன். மென்சவ்வு எதிர்பார்த்த அளவு பருக்காதபோது, தாக்கத்தை ஆரம்பிக்கும் தொடக்கியையும், ஒட்சிசனை விலக்கச் செலுத்தும் நைதரசனையும் சந்தேகித்து இரண்டு வாரங்களைக் கழித்தேன்.

சவ்வு எவ்வளவு பருத்தது என்று அளப்பதும் இலேசான வேலையன்று. நீரில் ஊறி வழுவழுத்த சவ்வை வடிதாளில் ஒற்றி நிறுக்க வேண்டும். அழுத்தினால் உள்நீரும் வெளியேறும், தயங்கினால் மேற்பரப்பு நீரும் சேர்ந்து நிறுக்கப்படும். ஒரே ஆளே எல்லாவற்றையும் ஒற்றுவதென்று பிறகு முடிவு செய்தோம்.

தராசில் என்னை ஏமாற்றிய அந்த நீர்வேட்கைதான் குருதியைத் தொடும்போது இச்சவ்வுக்குத் துணையாகிறது. எம்பிசியிலுள்ள பொஸ்பேற்றின் மறையேற்றமும் நைதரசனின் நேரேற்றமும் ஒன்றையொன்று சமன்செய்வதால், அருகிலுள்ள நீர் பெரும்பாலும் தன் இயல்பிலேயே இருக்கிறது. அங்கே வந்து சேரும் புரதம் உருக்குலைந்து ஒட்டிக்கொள்வது குறைகிறது. கண்ணாடியில் கால்பரப்பிப் படியும் குருதிச் சிறுதட்டுகள் இதில் அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஓமாபில்கோன் ஏ என்னும், கண்ணில் அணியும் மென் தொடுவில்லைக்கான பொருளில் எம்பிசி சேர்க்கப்பட்டதும் இவ்வியல்புக்காகவே.

இப்போது தூளைச் சிறு குப்பிகளில் பிரித்து வைத்திருக்கிறேன். குப்பியை வெளியே எடுத்து உலர்த்தும் பாத்திரத்தில் ஒரு மணிநேரம் விட்டு, வெளிப்புறத்தைத் துடைத்த பின்பே திறக்கிறேன். பாத்திரத்தின் அடியிலுள்ள நீலச் சிலிக்கா மணிகள் இளஞ்சிவப்பாகியிருந்தால் அன்று நிறுப்பதில்லை.