பைஷிஜோ ஜன்னல்

டிசம்பர் 24, 2024

ஹாங்காங்கிலிருந்து ரயிலில் வந்து, எல்லையில் இருக்கிற லோ வூ பாலத்தை நடந்தே கடந்தோம். பதினோரு வருஷம் கழித்து, நாங்கள் முன்பு குடியிருந்த சீன நகரம் ஷென்ஜென். வெளியே வந்ததும் என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. சத்தம்! 2017-லேயே ஊர் பஸ்கள் மொத்தமும் மின்சாரத்துக்கு மாறிவிட்டன. காதை நம்பியே ரோடு தாண்டிப் பழகியவள் நான். முதுகுக்குப் பின்னால் பஸ் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை, எங்கள் பையன் தம்பிதான் இழுத்தான்.

டிசம்பர் 25

இன்று பைஷிஜோ, நாங்கள் குடியிருந்த பகுதி. 2005-இல் கைக்குழந்தையோடு வந்தபோது இங்கே மெட்ரோ கிடையாது. முந்தைய டிசம்பரில் திறந்த லைன் ஒரு ஸ்டேஷன் முன்னாடியே நின்றுவிடும், அங்கிருந்து மூட்டையோடு நடப்போம். 2009-இல் வாசலுக்கே ஸ்டேஷன் வந்தது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார்.

இப்போது ஸ்டேஷன் இருக்கிறது, பெயர்ப் பலகையும் இருக்கிறது. எங்கள் தெரு இருந்த பக்கம் தடுப்புச் சுவர், அதற்கு மேலே கிரேன்கள். ஒன்றரை லட்சம் பேர் வரை குடியிருந்த இடம் என்பார்கள். 2019-இல் காலி செய்யச் சொன்னார்கள் என்று படித்தபோதே தெரியும். தெரிந்துதான் வந்தோம். இருந்தாலும் என் கணவர் தடுப்பை ஒட்டியே நடந்து, "இங்கதான் நூடுல்ஸ் கடை" என்றார். நான் இன்னும் முப்பதடி தள்ளிச் சொன்னேன். யார் சொன்னது சரி என்று பார்க்க ஒரு மரம்கூட மிச்சமில்லை.

அந்த வீட்டை ரொம்பப் புகழ்ந்துவிடவும் கூடாது. நட்ட நடுப்பகலிலும் லைட் போட வேண்டும். மார்ச் வந்தால் சுவர் வியர்க்கும், துணி நாலு நாள் ஆனாலும் காயாது. அங்கே 'கை குலுக்கும் வீடுகள்' என்பார்கள். ஜன்னல் வழியே கை நீட்டினால் எதிர்வீட்டுக்காரர் கையைத் தொட்டுவிடலாம், அவ்வளவு நெருக்கம்.

எங்கள் எதிர் ஜன்னலில் ஹுனான் மாகாணத்து அம்மா ஒருவர். ஹுனான்காரர்களுக்கு மிளகாய் இல்லாமல் சோறு இறங்காது. நான் தாளிக்கும்போது அவர் தும்முவார், அவர் வதக்கும்போது நான் இருமுவேன். பழக்கமானது அப்படித்தான். கம்பிக்குள் கையை விட்டு ஒரு பொட்டலம் வறமிளகாய் கொடுப்பார், நான் இரண்டு வடை கொடுப்பேன். தம்பி அவரை 'ஆயி' என்பான். சீனத்தில் அத்தை, சித்தி வயதுக்காரர் எல்லாருமே ஆயிதான். கும்பகோணத்திலிருந்து போன் பேசிய என் மாமியாருக்கு இது புரியவேயில்லை. "ஆயின்னு கூப்பிட நான் ஒருத்தி இங்க இருக்கேன், அங்க யாருடி இன்னொரு ஆயி?" என்று ஒரு வாரம் பேசவில்லை.

டிசம்பர் 26

ஹுவாச்சியாங்பெய். அவர் செல்போன் உதிரிபாகம் வாங்கி அனுப்பிய மார்க்கெட்டில் இப்போது லிப்ஸ்டிக் விற்கிறார்கள். மாடி மாடியாக அழகுசாதனம். எஸ்கலேட்டர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் எனக்கு ஒரு கிரீம் வாங்கினார், பேரம் பேசித்தான்.

டிசம்பர் 27

ராத்திரி ஹோட்டல் காகிதத்தில் ஆளுக்கொரு வரைபடம் போட்டோம், பழைய வீட்டை. சமையலறையை அவர் கிழக்கே போட்டார், நான் வடக்கே. தம்பி வரைந்ததில் சமையலறையே இல்லை. ஒரு ஜன்னல், அதன் கீழே ஒரு சிவப்பு ஸ்டூல். ஏறி நின்று ஆயியிடம் பேசுவானே, அது.

"அந்த ஸ்டூல் என்னாச்சும்மா?"

ஊருக்குக் கிளம்பிய அன்று ஆயியிடம்தான் கொடுத்தேன். கம்பிக்குள் நுழையவில்லை. ஐந்து மாடி இறங்கி, சந்து வழியாகச் சுற்றி, அந்தப் பக்கம் ஐந்து மாடி ஏறினேன். எட்டு வருஷத்தில் அவர் வீட்டு வாசலை அன்றைக்குத்தான் பார்த்தேன்.