ஹவாசாவில் ஒரு தையல் லைன்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பதினைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு, 2019-ல் எத்தியோப்பியாவின் ஹவாசாவுக்குப் புரொடக்‌ஷன் மேனேஜராகப் போனேன். அடிஸ் அபாபாவுக்குத் தெற்கே உள்ள ஏரிக்கரை ஊர். 2016-ல் திறந்த தொழிற்பூங்காவில் எங்கள் ஷெட். அமெரிக்காவில் காட்டன் டி-சர்ட்டுக்கு அப்போது 16.5 சதவீத இறக்குமதி வரி இருந்தது. ஆப்பிரிக்க நாடுகளுக்கு வரிச்சலுகை தரும் ‘அகோவா’ என்ற அமெரிக்கச் சட்டத்தின்படி, தகுதிபெற்ற நாடுகளுக்கு அந்த வரி இருக்கவில்லை. அதனால்தான் எங்கள் விலை, ஆர்டர் தரும் பையருக்குக் கட்டுபடியானது. மனித உரிமைகளை மீறக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தின் நிபந்தனைகளில் ஒன்று.

லைனில் பெரும்பாலும் கிராமங்களில் இருந்து வந்த இளம்பெண்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே அறையில் தங்குவார்கள். சம்பளம் குறைவுதான், அதை நான் மறைக்க மாட்டேன். தனியார் வேலைக்கு அங்கே அப்போது சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியே இருக்கவில்லை. ஆனாலும் ஓவர்லாக் தையல் மெஷின் பழக வந்த ஒரு பெண் ஒன்றரை வருடத்தில் லைன் சூப்பர்வைசர் ஆனார். தம்பியைப் படிக்க வைத்தார்.

2020 நவம்பரில் வடக்கே திக்ரே மாநிலத்தில் போர் மூண்டது. எங்கள் ஸ்டோர் கிளார்க், திக்ரேயின் தலைநகரான மெகெல்லேக்காரர். அங்கே போன் தொடர்பு துண்டிக்கப்பட்டதும், அம்மா உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் தினமும் வேலைக்கு வந்தார். மதியம், தோசை போன்ற இஞ்சேராவைப் பிய்த்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்.

அந்தப் போரில் நடந்த மனித உரிமை மீறலைக் காரணம் காட்டி, 2022 ஜனவரி 1 முதல் எத்தியோப்பியாவை அகோவாவில் இருந்து அமெரிக்கா நீக்கியது. எங்கள் ஆர்டர் கென்யாவுக்குப் போனது.

எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. அந்தச் சமயத்தில் எத்தியோப்பியாவின் முதன்மை ஏற்றுமதி காபி. வறுக்காத காபிக்கொட்டைக்கு அமெரிக்காவில் அப்போது எப்படியும் வரி கிடையாது. அதனால் காபிக்கு இந்த நீக்கத்தால் ஒரு பைசா வரி கூடவில்லை. அடி விழுந்தது போர்க்களத்துக்கு வெகுதூரத்தில், தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மேல். முழு நாட்டையும் நீக்காமல் சில பொருட்களுக்கு மட்டும் சலுகையை நிறுத்தும் வழி 2015 முதலே சட்டத்தில் இருந்தது. பழைய துணி இறக்குமதிக்கு ருவாண்டா வரியை உயர்த்திய தகராறில், 2018-ல் அந்த நாட்டுக்கு அதைப் பயன்படுத்தினார்கள். அப்போதும் நிறுத்தியது ஆயத்த ஆடைக்குத்தான்.

இதையெல்லாம் ஒரு நாள் ஸ்டோரில் நின்று கோபமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கிளார்க் பொறுமையாகக் கேட்டார். அப்புறம், “ஒரு வருடமாக எங்களுக்காக யாராவது பேச மாட்டார்களா என்று காத்திருந்தேன்” என்றார். பக்கத்தில் அந்த சூப்பர்வைசர், கடைசி ஷிப்மென்ட்டின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு பேரையும் பார்த்த பிறகு என்னால் மேலே பேச முடியவில்லை. வியாபாரம் வேறு, உரிமை வேறு என்று அந்த மனிதரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண்ணின் சம்பளத்தை எடுத்துத்தானா அவருக்கு நியாயம் கேட்க வேண்டும் என்ற கேள்வியும் அடங்கவில்லை.

2022 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் திக்ரே போருக்கான சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானபோது நான் திருப்பூர் திரும்பியிருந்தேன். அடுத்த ஜனவரியில் கிளார்க் கூப்பிட்டார். அம்மாவிடம் பேசிவிட்டாராம், அழுதார். சூப்பர்வைசரைப் பற்றி விசாரித்தேன். வீட்டு வேலைக்காக வளைகுடாவுக்குப் போய்விட்டார் என்றார்.