மஞ்சளுக்கு அடியில் தெரியும் எண்

கேன்வாஸின் ஒவ்வொரு கட்டத்திலும் அச்சிட்ட எண்ணைப் பார்த்து, அந்த எண்ணுக்குரிய வண்ணத்தைத் தீட்டும் கிட்டை வாங்கியவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். நீலமும் பழுப்பும் ஒரே பூச்சில் மூடிக்கொள்ளும்போது, மஞ்சளும் இளஞ்சிவப்பும் மட்டும் எத்தனை முறை தீட்டினாலும் அடியில் அச்சிட்ட எண்ணைக் காட்டிக்கொடுப்பது ஏன்? தங்கள் கைவாகு போதவில்லை என்று எண்ணிக்கொண்டு, அடுத்த முறை வண்ணத்தை அள்ளி அப்பிவிடுகிறவர்களே அதிகம். அப்படி அப்பிய இடம் மேடாகக் காய்ந்து, பக்கத்துக் கட்டத்தின் ஓரத்தையும் கெடுத்துவிடும்; எண் என்னவோ மங்கலாகத் தெரிந்துகொண்டேதான் இருக்கும்.

ஒரு வண்ணம் தன் அடியில் இருப்பதை மறைக்க வேண்டுமானால், விழும் ஒளியை விழுங்க வேண்டும் அல்லது சிதறடிக்க வேண்டும். அடர்ந்த நிறங்கள் விழுங்கிவிடுகின்றன. வெளிர் நிறங்களோ சிதறடித்தாக வேண்டும். அதற்கு நிறமியின், அதாவது நிறம் தரும் தூளின், ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு), அதைப் பிணைத்திருக்கும் அக்ரிலிக் பிசினின் ஒளிவிலகல் எண்ணிலிருந்து வெகுவாக விலகியிருக்க வேண்டும். பிசினுக்கு அது ஏறத்தாழ 1.5, டைட்டானியம் ஒயிட்டின் நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 2.7 வரை, ஜிங்க் ஒயிட்டின் நிறமியான ஜிங்க் ஆக்சைடுக்கு 2, சுண்ணாம்புத் தூளுக்கு 1.6 அளவே. பொங்கலுக்கு வெள்ளையடித்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது கண்ணால் கண்ட விஷயம்: ஈரச் சுண்ணாம்பின் வழியே பழைய சுவரின் கறை அப்படியே தெரியும், நீர் வற்றி அந்த இடத்தில் காற்று புகுந்த பிறகே சுவர் வெளுக்கும். அக்ரிலிக்கில் நீர் போனாலும் பிசின் தங்கிவிடுவதால், மலிவான வண்ணங்களில் அளவைக் கூட்டுவதற்காகச் சேர்க்கப்படும் சுண்ணாம்புத் தூள் காய்ந்த பிறகும் ஒன்றையும் மறைப்பதில்லை. பளிச்சென்ற மஞ்சள்களில் பெரும்பாலும் பயன்படும் கரிம (கார்பன் சேர்மங்களாலான) நிறமிகளும் இயல்பிலேயே ஒளி ஊடுருவக்கூடியவை. காவி, மண்மஞ்சள் போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் ஒரே பூச்சில் மூடிக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். விலை குறைந்த கிட்டிலும் அவை ஏமாற்றுவதில்லை.

ஆகவே மஞ்சளின் மேல் மஞ்சளாக ஏற்றிக்கொண்டிருப்பதைவிட, அடியில் வெள்ளை வைப்பதே மேல். சென்னையில் பாரிமுனைப் பக்கம் போகிறவர்கள் ஆண்டர்சன் தெருவையொட்டிய கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். டப்பாவின் மேல் ‘டைட்டானியம் ஒயிட்’ என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும், ஏனெனில் ஜிங்க் ஒயிட் இந்த வேலைக்குப் போதாது. என் மேசையில் இப்போது இருப்பது சாமந்திப்பூப் படம். ஒவ்வொரு இதழுக்குள்ளும் அரிசி அளவில் 11 என்று சாம்பல் மையில் அச்சாகியிருக்கிறது. நுனி கூரான பிரஷ்ஷால் அந்த எண்ணின் மேல் மட்டும் வெள்ளையைத் தொட்டு வைத்து, ஈரம் போவதற்குள் அதன் விளிம்பை விரல் நுனியால் ஒற்றிக் கரைத்துவிடுகிறேன். விளிம்பைக் கரைக்காவிட்டால் மஞ்சளுக்கு அடியில் ஒரு வெள்ளைப் பொட்டு எழும்பி நிற்கும். எண்கள் மறைந்துவிடும் என்பதால், தொடங்கும் முன்பே முழு கேன்வாஸையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது அவசியம். மஞ்சளிலேயே சிறிது வெள்ளையைக் கலப்பவர்களும் உண்டு. மறைக்கும் திறன் கூடும், ஆனால் நிறம் வெளிறிவிடும் என்பதால், அதன் மேல் கலப்பில்லாத மஞ்சளை ஒரு மெல்லிய பூச்சாகக் கொடுத்தால்தான் சாமந்தி சாமந்தியாக இருக்கும்.

டப்பாவைத் திறந்ததும் மேலே நீர் மிதந்தால் அதைக் கொட்டிவிடக் கூடாது. நிறமி அடியில் தங்கியிருக்கும். பல்குத்தும் குச்சியால் அடிவரை கிளறினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். தண்ணீர் சேர்ப்பதானால் ஒரு சொட்டு போதும், அதிகமானால் பிசின் நீர்த்துப்போய்ப் பூச்சு திட்டுத் திட்டாகும். முதல் பூச்சு இடவலமாகப் போனால் இரண்டாவது மேல்கீழாகப் போகட்டும். தூரிகைக் கோடுகளுக்கு இடையே விட்டுப்போன வெள்ளைக் கீற்றுகள் அப்போதுதான் நிரம்பும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து பாமர் பெயின்ட் நிறுவனம் வெளியிட்ட ‘கிராஃப்ட் மாஸ்டர்’ கிட்டுகளில் எண்ணெய் வண்ணங்கள் இருந்தன. அவை காய நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்றைய அக்ரிலிக்கில் அன்று மாலையே அடுத்த பூச்சைக் கொடுத்துவிடலாம் என்பது பெரிய வசதி.

ஆனால் அந்த வசதியை எங்கள் ராயபுரத்துக் காற்று சற்றுக் குறைத்துவிடுகிறது. கடல் அருகிலேயே இருப்பதால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது; அதிலும் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால், கிட்டோடு வரும் தாளில் போட்டிருக்கும் நேரக்கணக்கு இங்கே செல்லாது. மேலே காய்ந்ததுபோல் இருந்து உள்ளே நசநசப்பாக இருக்கும் பூச்சின் மீது மறுபடி பிரஷ்ஷை இழுத்தால், அது தோலாக உரிந்து வந்து கேன்வாஸின் நெசவைக் காட்டிவிடும். புறங்கையை மெல்ல வைத்துப் பார்த்து, சில்லென்று இருந்தால் இன்னும் பொறுத்திருக்க வேண்டும். மின்விசிறியைப் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் திறந்த டப்பாவிலும் ஆடை படியும், எடுத்தவுடன் மூடிவிடுங்கள். கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் குடியிருப்பவர்கள் தெருப்பக்க ஜன்னலையும் சாத்திக்கொள்வது நல்லது, ஈர வெள்ளையில் ஒட்டிய புழுதியை எடுக்க வழியே கிடையாது.

கட்டங்களின் எல்லைக்கோடு தெரிவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிர் நிறத்தைக் கோட்டின் ஓரம் வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பக்கத்து அடர்நிறத்தைக் கடைசியில் கோட்டின் மேலேயே ஏற்றிவிட்டால் அது மறைந்துபோகும். இரண்டு பக்கமும் வெளிர் நிறமாக இருந்தால் கோட்டுக்கும் வெள்ளைதான் வழி. வார்னிஷ் பூசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது தெளிவான பூச்சு, அடியில் எண் தெரிந்தால் அதன் வழியாகவும் தெரியும். வார்னிஷுக்கு முன்பே ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைச் சாய்த்துப் பார்த்து, விட்டுப்போன இடங்களை முடித்துவிடுங்கள்.