அந்த ஜிடிஓவை வாங்கலாமா வேண்டாமா

கேட்கிற விலை 11,500 டாலர். 1968 பான்டியாக் ஜிடிஓ, இரண்டு கதவு ஹார்ட்டாப், ஆட்டோமேட்டிக். என்ஜின் சுற்றவில்லை, இறுகிப் போயிருக்கிறது. டிக்கியைத் திறந்தால் அடியில் இருக்கும் மண் தரை தெரிகிறது. கொஞ்ச நாளாக வீட்டில் இதே பேச்சுதான்.

"வண்டி ஓடுமா?" என்று கேட்டாள் மனைவி.

"ஓடாது."

"தள்ளிக்கிட்டாவது வரலாமா?"

"பிரேக் பிடிச்சுக்கிட்டு நிக்குது. டிரெய்லர்லதான் ஏத்தணும்."

"அப்புறம் எதுக்குங்க பதினோராயிரத்து ஐநூறு?"

நியாயமான கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்லத் தெரியாததால் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் இருப்பது மிச்சிகனில், நோவையில். ஆகஸ்ட் மாத மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போகும் டிரீம் குரூஸ் இங்கிருந்து பக்கம். 1995இல் ஆரம்பித்தது. அதை வேடிக்கை பார்க்கப் போய்த்தான் இந்தக் கிறுக்கு பிடித்தது. அங்கே மினுங்கும் கார்களை விட, சிக்னலில் நிற்கும்போது தடக்தடக் என்று குலுங்கும் பழைய வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜின்களின் சத்தம்தான் என்னை இழுத்தது.

ஜிடிஓ பற்றி அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1964 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவான பான்டியாக், டெம்பெஸ்ட் என்ற நடுத்தர அளவுக் காரில் பெரிய கார்களுக்கான 389 கன அங்குல வி8 என்ஜினைத் தூக்கி வைத்தது. நடுத்தரக் கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸின் விதி. ஜிடிஓவைத் தனி மாடலாக அறிவிக்காமல், கூடுதல் காசு கொடுத்தால் கிடைக்கும் ஆப்ஷனாக வைத்து அந்த விதியைத் தாண்டினார்கள். அப்போது பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியன். மசில் கார் என்ற வகையே இதில்தான் தொடங்கியது என்று சொல்பவர்கள் அதிகம். மற்ற கம்பெனி ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். 1968இல் உடம்பை முழுக்க மாற்றி வளைவும் நெளிவுமாகச் செய்தார்கள். எனக்குப் பிடித்தது அந்த வருஷத்து உடம்புதான்.

இனி நம்ம வண்டி. ஃபிளின்ட்டுக்கு வடக்கே ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடக்கிறது. விற்பவர், இறந்துபோன உரிமையாளரின் மகன். காரைப் பற்றி அவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. "அப்பா வச்சிருந்தார்" என்பதோடு சரி.

முதலில் பார்த்தது சேஸ் நம்பர். 1968இலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் அதை டாஷ்போர்டு மேல், முன்கண்ணாடி வழியாகத் தெரிகிற மாதிரி வைத்தது. டார்ச் அடித்துப் படித்தேன்: 242378, அதற்கப்புறம் பி எழுத்து. முதல் 2 பான்டியாக், 42 ஜிடிஓ, 37 இரண்டு கதவு ஹார்ட்டாப், 8 என்றால் 1968ஆம் வருஷம், பி என்றால் பான்டியாக் நகரத்துத் தொழிற்சாலை. இதே உடம்பில் லெமான்ஸ் என்று விலை குறைந்த மாடல் ஒன்று உண்டு. அதன் நம்பர் 237 என்று தொடங்கும். லெமான்ஸில் ஜிடிஓ பானட்டையும் எழுத்துகளையும் மாட்டி விற்கும் வேலை காலம் காலமாக நடக்கிறது. 1966 முதல் 1971 வரை நம்பரைப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். பி.எச்.எஸ். என்ற ஆவணச் சேவைக்கு நம்பரை அனுப்பினால், அந்தக் கார் எந்த டீலருக்கு என்னென்ன ஆப்ஷனோடு போனது என்ற கம்பெனி பில்லின் நகலே கிடைக்கும். ஆக, கொட்டகையில் நிற்பது அசல் ஜிடிஓ. அன்றைக்கு எனக்குக் கிடைத்த நல்ல செய்தி அது ஒன்றுதான்.

என்ஜினுக்குப் போனேன். பான்டியாக் வி8 என்ஜின்களில் ஒரு விசேஷம்: 350, 400, 455 கன அங்குலம் எல்லாமே வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பிளாக்கின் முன்பக்கம், பயணி இருக்கைப் பக்கமாக, இரண்டெழுத்துக் குறி குத்தியிருப்பார்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்தால் அது 350. ஜிடிஓவுக்கு வந்தது 400. எப்போதோ யாரோ மாற்றியிருக்கிறார்கள். விற்பவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. 400 பிளாக் தேடினால் கிடைக்கும். அசல் 400இல் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை நசுக்கப்படும் விகிதம்) 10.75க்கு 1, இன்றைய பம்புப் பெட்ரோலுக்கு அது ஒத்துவராமல் பலர் குறைத்துத்தான் கட்டுகிறார்கள். என்ஜின் வேலைக்கு ஆரம்பமும் முடிவும் உண்டு, செலவையும் முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம்.

துரு அப்படி இல்லை.

மிச்சிகனில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கிறது, உப்புக்குப் பஞ்சமில்லை. அந்த உப்புத் தண்ணீர் சேஸின் மூலைகளில் போய்த் தங்கும். இது போதாதென்று கொட்டகையில் மண் தரை. "கொட்டகைக்குள்ளேயே இருந்த கார்" என்று விளம்பரத்தில் பெருமையாகப் போடுகிறார்கள். மண்ணிலிருந்து ஈரம் வருஷம் முழுக்க மேலே ஏறிக்கொண்டே இருக்கும். மேலே பெயிண்ட் பரவாயில்லாமல் தெரியும்போது அடியில் தகரம் பொருபொருவென்று உதிர்கிறது என்றால் காரணம் இதுதான். என்னைக் கேட்டால் மண் தரைக் கொட்டகையை விட சிமென்ட் தரையில் சுவரில்லாத வெறும் கூரையே பரவாயில்லை.

இந்த உடம்பில் துரு தொடங்குமிடம் பின்கண்ணாடியின் கீழ் ஓரம். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் எவர்சில்வர் பட்டைக்கு அடியில் தண்ணீர் தேங்கி, தகரத்தைத் தின்று ஓட்டை போடும். அங்கிருந்து மழைத் தண்ணீர் நேராக டிக்கிக்குள் இறங்கும். டிக்கித் தரை போகும், பிறகு பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் குவார்ட்டர் பேனலின் அடிப்பகுதி போகும். வெளியிலிருந்து பார்ப்பவன் குவார்ட்டர் பேனலில் இருக்கும் ஓட்டையைத்தான் பார்க்கிறான். மூலக்காரணம் ஒரு முழம் மேலே இருக்கிறது.

காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். பட்டி போட்டு அடைத்த இடத்தில் ஒட்டாது. இரண்டு குவார்ட்டர் பேனல்களிலும் கீழே பாதிக்கு மேல் ஒட்டவில்லை. கூரையும் குவார்ட்டர் பேனலும் சேருமிடத்திலும் ஒட்டவில்லை, ஆனால் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. அந்தத் தையலை அந்தக் காலத்தில் தொழிற்சாலையிலேயே ஈயம் ஊற்றி மழுப்பினார்கள், ஈயத்தில் காந்தம் பிடிக்காது. இது தெரியாமல் நல்ல காரை வேண்டாமென்று விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு.

உண்மையில் வயிற்றைக் கலக்கியது சேஸ். இந்தக் கார்களில் உடம்பு தனி, சேஸ் தனி. நடுவில் ரப்பர் வைத்து போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். பின் ஆக்ஸிலுக்கு மேலே சேஸ் வளைந்து ஏறுகிற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் குத்தினேன். உள்ளே போய்விட்டது. இன்னொரு பக்கமும் அதே கதி. பாடி மவுன்ட் என்ற அந்த இணைப்புகளில் சில இற்றுப்போய், உடம்பு ஒரு பக்கம் சேஸ் மேல் சும்மா படுத்திருக்கிறது. கதவைத் திறந்து மூடினால் பின்னோரம் இறங்கி இடிக்கிறது.

தகரத்துக்கு மாற்று உண்டு. தரை, டிக்கி, குவார்ட்டர் பேனல் எல்லாம் புதிதாக அடித்து விற்கிறார்கள். ஆனால் இத்தனையையும் ஒரே நேரத்தில் வெட்டி எடுத்தால் எதை அளவாக வைத்துப் புதியதைப் பொருத்துவது? உடம்பு கோணாமல் இருக்க உள்ளே குழாய் வைத்து வெல்டு அடித்து, சேஸிலிருந்து தூக்கி, சுழலும் தாங்கியில் மாட்டி, அங்குலம் அங்குலமாகப் போக வேண்டும். ஒரு பட்டறையில் கேட்டேன். மணிக்கு 95 டாலர், ஆயிரம் மணி நேரத்துக்குக் குறைந்து முடியாது என்றார்கள். கணக்குப் போட கால்குலேட்டர் வேண்டாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். முழுதாக முடித்து நிறுத்திய 1968 ஜிடிஓ ஹார்ட்டாப்பையே அதைவிடக் குறைவான விலைக்கு வாங்கிவிடலாம்.

ஆனால் பட்டறைக் கணக்கை வைத்து முடிவெடுக்க எனக்கு விருப்பமில்லை. பட்டறைக்குக் கொடுப்பதாக இருந்தால் நான் ஏன் துருப்பிடித்த காரைப் பார்க்கப் போகிறேன்? கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பில் வெல்டிங் படித்திருக்கிறேன். அந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தகடுகளைச் சேர்க்கும்போது ஆபீஸ் ஈமெயில் எதுவும் மண்டையில் ஓடாது. எனக்கு வேண்டியது சனி, ஞாயிறு கராஜில் கை அழுக்காகும் ஒரு வேலை. அதனால் என் கேள்வி லாபமா நஷ்டமா என்பது இல்லை. கூட்டக்குறைய வெல்டிங் தெரிந்த ஒருவன், ஒரே ஒரு கராஜில், குழந்தைகளின் சைக்கிளை நிறுத்த இடம் விட்டு, இதை முடிக்க முடியுமா?

குவார்ட்டர் பேனல், டிக்கித் தரை, பின்கண்ணாடி ஓரம் - இவை என்னால் ஆகும். மெதுவாக ஆகும், ஆனாலும் ஆகும். சேஸ் ஆகாது. இற்றுப்போன சேஸுக்கு நல்ல சேஸ் ஒன்று தேடி மாற்றுவதுதான் வழி. அதற்கு உடம்பை முழுதாகத் தூக்கி வேறெங்காவது வைக்க வேண்டும். என் கராஜில் அதற்கு இடமே இல்லை. இப்படித் தூக்கி வைத்த நிலையிலேயே நின்றுபோய், பாகங்கள் டப்பா டப்பாவாகப் பிரிந்து, "பாதி முடிந்த புராஜெக்ட்" என்று விற்பனைக்கு வரும் கார்கள் எத்தனை!

இன்னொரு யோசனையும் வந்தது. தெரிந்த ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: அதை வாங்கு, சேஸ் நம்பர் தகட்டை மட்டும் கழற்று, துரு இல்லாத லெமான்ஸில் மாட்டிவிடு. டாஷ்போர்டில் இருக்கும் அந்தத் தகடு பூப்போன்ற தலையுள்ள தனி ரிவெட்டில் அடிக்கப்பட்டது. அந்த ரிவெட்டும் கிடைக்கிறதாம். இது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், வீட்டில் நிற்கும் கார் பொய் என்று ஒவ்வொரு முறை சாவி போடும்போதும் எனக்குத் தெரியுமே.

பக்கத்து வீட்டுக்காரர் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கட்சி வேறு. "நீ வாங்காவிட்டால் பிரித்து விற்றுவிடுவார்கள், அசல் ஜிடிஓ ஒன்று குறையும்" என்கிறார். உண்மைதான். ஆனால் 1968இல் மட்டும் 87,000க்கு மேல் செய்தார்கள். அந்தப் பின்பக்க ஆக்ஸிலும் எண்டூரா என்ற பூச்சுப் போட்ட முன்பம்பரும் இன்னொரு ஜிடிஓவை ரோட்டில் நிறுத்தினால் நல்லதுதானே. அந்த பம்பரைக் கடைசியாகத் தட்டிப் பார்த்தேன். ரப்பர் மாதிரிப் பூச்சு வெடித்திருக்கிறது, அடியில் இரும்பு திடமாக இருக்கிறது. மொத்த வண்டியில் எனக்கு ஆசை காட்டியது அதுதான்.

விற்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 4,500 என்றால் பாகங்களுக்காகவாவது யோசிப்பேன் என்றும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார், கோபம் எதுவும் இல்லை.

இப்போது பார்த்துக்கொண்டிருப்பது நியூ மெக்சிகோவில் ஒரு 1968 லெமான்ஸ். அசல் 350 என்ஜின், ஓடுகிறது. வெயிலில் டாஷ்போர்டு பிளந்திருக்கிறது, சீட் கிழிந்திருக்கிறது, ரப்பர் எல்லாம் காய்ந்து நொறுங்குகிறது. இவை எல்லாமே கழற்றி மாட்டுகிற சமாச்சாரம். லாரியில் ஏற்றிக் கொண்டுவரும் செலவைச் சேர்த்தாலும் கிட்டத்தட்ட இந்த ஜிடிஓவின் விலைதான். 242 என்ற நம்பர் இல்லை என்று டிரீம் குரூஸில் யாராவது மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். மனைவிக்கு அந்த நம்பர் கணக்கெல்லாம் தேவையில்லை, "இது ஓடுமா?" என்றாள், ஓடும் என்றேன், சரி என்றாள்.

பின்கண்ணாடியின் கீழ்ப் பட்டையைக் கழற்றிவிட்டு அந்த ஓரத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சூரிய அஸ்தமனத்தில் கார் மினுங்கும் படங்கள் நிறைய வந்துவிட்டன. கேட்ட படம் இன்னும் வரவில்லை. அது வருகிற வரை காசு அனுப்புவதாக இல்லை.