தடுக்கினால் தூக்கும் கால்

எங்கள் பொன்னி ஆறு வயது நாய், நீள உடம்பும் குட்டைக் காலும் கொண்ட டேஷண்ட் இனம். போன ஆடி மாதம் ஒரு காலையில் படுக்கையை விட்டு வந்தவள், பின்னங்கால் இரண்டையும் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். முதலில் காட்டிய கிளினிக்கில் சத்து ஊசி போட்டு இரண்டு நாள் பார்க்கச் சொன்னார்கள். அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. அப்புறம் வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்தோம். முதுகின் நடுவில், எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கியிருந்தது. இந்த இனத்துக்கு டிஸ்க் சின்ன வயதிலேயே காய்ந்து சுண்ணாம்பேறிவிடுமாம்.

ஆபரேஷனுக்கு முன் டாக்டர் இடுக்கியால் பின்னங்கால் விரலை அழுத்தினார். பொன்னி வெடுக்கென்று காலை இழுத்தாள். "உணர்ச்சி இருக்கு டாக்டர்!" என்று கத்தியேவிட்டேன்.

"காலைப் பாக்காதீங்கம்மா, முகத்தைப் பாருங்க."

மறுபடி அழுத்தினார். கால் மடங்கியது. அவளோ மேஜை மேலிருந்த பிஸ்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வலி மூளைக்கு எட்டியிருந்தால் திரும்பியிருப்பாள், முனகியிருப்பாள். காலை இழுத்தது தண்டுவடம் மட்டும். பின்னங்காலை நடத்தும் நரம்புச் சுற்றுகள் அடிபட்ட இடத்துக்குக் கீழே, இடுப்புப் பகுதியில் இருக்கின்றன. அவற்றுக்குச் சேதமில்லை, மேலேயிருந்து சேதி வருவதுதான் நின்றுபோயிருந்தது. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து முதல் ஐந்து வாரம் கூண்டு ஓய்வு. தினமும் மூன்று வேளை அடிவயிற்றை அழுத்திச் சிறுநீர் எடுக்க வேண்டும். கை பழக ஒரு வாரம் ஆனது. விரலை அழுத்தினால் அப்போதும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆனாலும் நடக்க வைக்கப் பாக்கலாம்" என்றார் டாக்டர். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, கயிற்றுப் பாய் மேல் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் நடத்தினோம். வழுக்கும் டைல்ஸில் நடத்தவே கூடாது.

ஒன்பதாவது வாரம் பின்னங்கால்கள் மாறி மாறி அசையத் தொடங்கின. அடுத்து, பாயின் குறுக்கே பிவிசி பைப் வைக்கச் சொன்னார். பாதத்தின் மேல்புறத் தோல் புண்ணாகியிருந்ததால் குழந்தை சாக்ஸ் போட்டிருந்தேன். புண் ஆறியதும், பயிற்சி நேரத்தில் அதைக் கழற்றச் சொன்னார். பைப் தட்டுவது அந்தத் தோலுக்குத் தெரிய வேண்டும்.

முன்னால் வீசிய கால் பைப்பில் தட்டியது. இழுபட்டு விழுவாள் என்று துண்டை இறுக்கினேன். முழங்கால் மடங்கிப் பாதம் லேசாகப் பின்னுக்கு வந்தது, பிறகு உயரத் தூக்கிப் பைப்பைத் தாண்டிப் போய் ஊன்றியது. கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை. அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

டாக்டரிடம் சொன்னபோது பூனைகளைப் பற்றிச் சொன்னார். 1975இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஃபோர்ஸ்பெர்க், கிரில்னர் ஆகியோர் ரோசிஞோல் என்ற இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து, தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பூனைகளை டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கால் காற்றில் இருக்கும்போது பாதத்தின் மேல்புறத்தைத் தொட்டால் கால் இன்னும் மடங்கித் தூக்கும். அதே இடத்தைக் கால் ஊன்றியிருக்கும்போது தொட்டால், மடங்காமல் இன்னும் விறைத்து நிற்கும். ஊன்றிய காலை மடக்கினால் உடம்பு விழுந்துவிடும் அல்லவா? நடையில் கால் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தண்டுவடமே கணக்குப் பார்த்துக்கொள்கிறது. தண்டுவடம் நல்ல நிலையில் இருக்கும் நமக்கும் பூனைக்கும்கூட தடுக்கியதும் முதலில் காலைக் காப்பாற்றுவது இதுதான். மூளையின் முடிவு பின்னால்தான் வரும்.

வீட்டுக்கு வந்து பென்சிலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன். வீசும்போது தூக்கினாள், ஊன்றியபோது விறைத்தாள். இரண்டும் நடந்தது. பாயில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது ஏழு மாதம். துண்டு இல்லாமல் தெருமுனை வரை போகிறாள், நடைபாதைக் கல்லில் தட்டினாலும் தாண்டிவிடுகிறாள். ஃபைலில் டாக்டர் 'ஸ்பைனல் வாக்' என்று எழுதியிருக்கிறார், மூளையின் கட்டளை இல்லாமல் தண்டுவடமே நடத்தும் நடை. வேகமாகத் திரும்பினால் இடுப்பு சாய்ந்து விழுகிறாள். சமநிலைக்கு மூளையின் தயவு வேண்டுமே, அது இன்னும் வரவில்லை. அதனால் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு அவள் ஓடும் அந்தத் திருப்பத்தில் மட்டும் இரண்டு பாய்களைச் சேர்த்துப் போட்டிருக்கிறேன்.