மை ஏன் ஒழுகுவதில்லை?

இன்க்ஜெட் அச்சுத்தலையின் துளைகள் கீழ்நோக்கித் திறந்தே இருந்தும் மை ஏன் ஒழுகுவதில்லை என்று நான் யோசித்ததே இல்லை. ஒருநாள் இடவசதிக்காக வெளிப்புற மைத்தொட்டியை அச்சுப்பொறியின் மேலேயே தூக்கி வைத்துவிட்டு உறங்கப் போனேன். காலையில் அச்சுத்தலைக்கு அடியில் கறுப்பு மை குளமாகத் தேங்கியிருந்தது.

தலைக்குள் இருக்கும் மையின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்றே குறைவாக இருந்தால்தான், தலைமுடியைவிட மெல்லிய அத்துளைகளின் வாயில் மையின் மேற்பரப்பு உள்நோக்கிக் குழிந்து, பரப்பு இழுவிசையால் தாங்கப்பட்டு நிற்கும். தொட்டியின் மை மட்டம் துளைகளுக்குக் கீழே ஒவ்வொரு சென்டிமீட்டர் தாழும்போதும் ஏறத்தாழ 100 பாஸ்கல் அழுத்தம் குறைகிறது. சில கார்ட்ரிட்ஜ்களுக்குள் இருக்கும் பஞ்சும் நுண்புழை ஈர்ப்பால் இதே வேலையைத்தான் செய்கிறது. அதை வெறும் மை உறிஞ்சி என்று எண்ணியிருந்தது என் அறியாமை.

அதற்காகத் தொட்டியை அளவுமீறித் தாழ்த்தினால், துளைவழியே காற்று உள்ளேறிவிடும். குமிழி எளிதில் அமுங்கக்கூடியது என்பதால், பீசோ தலையில் (மின்சாரம் பட்டால் வடிவம் மாறும் பொருளைக் கொண்டு மையைத் தள்ளும் வகை) துளியை உந்தித் தள்ள வேண்டிய அழுத்த அலையை அதுவே விழுங்கிவிட, தாளில் வெள்ளைக் கோடு விழுகிறது. அடர்நிறப் பக்கத்தை வேகமாக அச்சிடும்போது தொட்டியிலிருந்து மை வரும் குழாயின் தடையாலும் அழுத்தம் இறங்குமாதலால், பக்கத்தின் மேற்பகுதி நன்றாகவும் அடிப்பகுதி வெளிறியும் வந்தால், தலையைக் கழுவுவதற்கு முன் நான் குழாயையும் வடிகட்டியையும்தான் பார்க்கிறேன்.